பொத்தானை அழுத்துமுன்: செட்டிநாட்டு மரப்பட்டறையினருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரத்து ஊர்களில் சி.என்.சி. இயந்திரம் வைத்து மரவேலை செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும், இயந்திரத்தை இயக்கும் இளைஞர்களுக்கும், அவர்களோடு பணியாற்றும் ஆசாரிமாருக்கும் எழுதப்படுவது இம்மடல்.

செட்டிநாட்டு நிலைகளிலும் கதவுகளிலும் பர்மாத் தேக்கில் கஜலட்சுமியையும் யாளியையும் பூங்கொடியையும் உளிகொண்டு செதுக்கிய மரபு ஒருபுறமிருக்க, அதே உருவங்களைக் கணினியில் அமைத்து இயந்திரத்தில் குடைந்தெடுக்கும் வழக்கம் இன்று தமிழ்நாட்டு மரத்தொழிலில் வேரூன்றிவிட்டது. இம்மாற்றத்தால் கலை வளர்ந்ததா தேய்ந்ததா என்னும் வழக்கு இம்மடலின் பொருளன்று. அவ்வழக்கில் இரு தரப்புக்கும் சொல்ல நிறையவே உண்டு. இயந்திரம் ஓடத் தொடங்குமுன் செய்ய வேண்டிய ஆயத்தப் பணி கூலியில் சேராத பணியாகவும், அதனாலேயே அவசரத்தில் தாண்டிச் செல்லப்படும் பணியாகவும் ஆகிவிடுகிறது என்பதும், வேலையின் துல்லியமும் வேலை செய்பவரின் பாதுகாப்பும் அந்த ஒரே பணியில்தான் அடங்கியிருக்கின்றன என்பதுமே இங்கு முன்வைக்கப்படுகின்றன.

சி.என்.சி. என்பது கணினிவழி எண்கட்டுப்பாடு. அதாவது, ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டையும் அதில் பூட்டிய பிட் என்னும் வெட்டுமுனையையும், எண்களாக எழுதப்பட்ட கட்டளைகளின்படி நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அச்சுகளில் நகர்த்தும் முறை. ஜான் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த எண்கட்டுப்பாட்டு இயந்திரத்தை மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இயக்கிக் காட்டியது 1952இல். அன்று துளையிட்ட நாடாவில் கட்டளை ஏறியது, இன்று யு.எஸ்.பி. குச்சியில் ஏறுகிறது. ஆயினும் இயந்திரத்தின் அறியாமை அன்றிருந்தபடியே இருக்கிறது. பலகை மேசையில் எங்கே கிடக்கிறது, அது காய்ந்ததா ஈரமா, அதனுள் ஆணி இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் இறுக்கி எந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது என்பன எதுவும் அதற்குத் தெரியாது. பெரும்பாலான சிறு பட்டறைகளின் இயந்திரங்களில் இவற்றை உணரும் கருவி எதுவும் இல்லாதபடியால், அது அறியாதவை அனைத்தையும் மனிதர் முன்கூட்டியே அறிந்து வைப்பதுதான் ஆயத்தம் என்று கொள்ளலாம்.

இவ்வாயத்தம் மரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் கணினி கற்று இப்பணிக்கு வரும் இளைஞர்கள் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். மரம் தன் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் பொருள். பிற மரங்களோடு ஒப்பிட நிலையானதென்று பெயர்பெற்ற தேக்கும்கூட, பச்சை நிலையிலிருந்து முற்றக் காயும்வரை, வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும் அவற்றுக்குக் குறுக்காக 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. வளையப் போக்கில் அறுத்த 300 மி.மீ. அகலப் பலகை ஒன்றைக் குடைந்து முடித்தபின் அதன் ஈரம் நான்கு விழுக்காடு குறைந்தால், அகலத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் போய்விடும். ஐப்பசி மழையில் குடைந்த பலகை சித்திரை வெயிலில் சட்டத்தை விட்டு விலகி நிற்பதற்கு இதுவே காரணம். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரை காட்டுவதாலேயே வேலை அத்துணை துல்லியமானது என்று எண்ணுவது, மரத்தை மறந்த எண்ணம். ஈரமானி என்னும் சிறு கருவியை ஒவ்வொரு பலகையிலும் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்து, 12 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் பலகையை ஒதுக்கி வைப்பது பெரிய செலவன்று. ஆழமான புடைப்புச் சிற்பமாயின் இன்னொன்றும் கருதத் தக்கது: பலகையின் ஒரு முகத்திலிருந்து மட்டும் பேரளவில் மரம் நீக்கப்படும்போது உள்ளிறுக்கம் சமநிலை இழந்து பலகை வளைகிறது. ஆகவே முரட்டு வெட்டை முடித்தபின் ஓரிரு நாள் காற்றாட வைத்துவிட்டு நுண்வெட்டைத் தொடங்குவது, அவசரம் இல்லாத இடங்களிலெல்லாம் மேற்கொள்ளத் தக்க முறை.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் பழைய மரத்தில் இருக்கிறது. பிரித்த வீடுகளின் உத்திரங்களும் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளிலும் அவற்றுக்கு வெளியிலும் கைமாறி, மறுபடி அறுக்கப்பட்டுப் புதுக் கதவாகின்றன. நன்கு காய்ந்த அம்மரத்துக்கு ஈடில்லை. ஆனால் அதனுள் தலை முறிந்த இரும்பாணியும் கொக்கியும் மறைந்திருக்கக் கூடும். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றும் கார்பைடு பிட், கடினமாயினும் நொறுங்கும் இயல்புடையது. அது ஆணியில் மோதும்போது முறிந்து தெறிக்கும் துண்டு கண்ணைப் பறிக்கலாம். மோதலில் எழும் பொறி தூசி உறிஞ்சியின் பைக்குள் போய்ச் சேரலாம். பலகையின் இரு முகங்களையும் விளிம்புகளையும் உலோகங்காட்டும் கருவியால் தடவிப் பார்ப்பதும், கருநீலக் கறை தென்படும் இடத்தில் இரும்பு இருக்கக் கூடுமென்று ஐயுறுவதும் பழைய மரத்தில் தவிர்க்க முடியாத பணிகள். கறையைப் பார்த்தே ஆணியைச் சொல்லும் கண் இளைஞரைவிட ஆசாரிக்கே பெரும்பாலும் வாய்த்திருக்கும். பலகையைத் தேரும் வேளையில் அவரை அழைக்காமல், குடைந்து முடிந்தபின் உப்புத்தாள் தேய்க்கவும் விட்டுப்போன மூலைகளை உளியால் திருத்தவும் மட்டும் அழைக்கும் பட்டறை, தன்னிடம் உள்ள அறிவைத் தானே வீணடிக்கிறது.

மரத்துக்கு அடுத்தது இயந்திரம். எட்டடிக்கு நாலடி மேசையின் மேல் குறுக்காக நிற்கும் பாலத்தைக் காண்ட்ரி என்பர். அதன் இரு கால்களையும் இரு மோட்டார்கள் தனித்தனியே தள்ளும் அமைப்பில், ஒரு கால் சிறிது பின்தங்கினாலும் பாலம் கோணிக்கொள்ளும். அப்போது செவ்வகமாக வெட்டச் சொன்னது சாய்செவ்வகமாக வந்து சேரும். இதைக் கண்டறியப் பழைய மூலைமட்டக் கணக்கே போதும். மேசையில் விரித்த எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகையின் மேல் 900 மி.மீ.க்கு 1200 மி.மீ. செவ்வகம் ஒன்றை மெல்லிய கோடாகக் கீறச் செய்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 1500 மி.மீ. இருக்க வேண்டும், ஒன்று மிகுந்து மற்றது குறைந்தால் கோணல் இருக்கிறது. இரட்டைக் கதவின் இரு இறகுகளும் நடுவே பொருந்தாமற்போய், ஆசாரி இழைப்புளியால் சரிக்கட்டும் நிலை வருவது பெரும்பாலும் இக்கோணலால்தான்.

சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பது அடுத்த சோதனை. டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கடிகையை ஒரு கைப்பிடியால் சுழல்தண்டில் பொருத்தி, மின்சாரத்தைத் துண்டித்தபின் கையால் சுற்றி, மேசையை நான்கு புறமும் தொடச் செய்தால், முள் எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்பது தெரிந்துவிடும். தண்டு சாய்ந்திருந்தால், அகலமான பிட்டால் சமன்செய்த பரப்பில் வரிவரியாகப் படிகள் தோன்றும். தண்டு நேராக்கப்பட்ட பின்னரே, எம்.டி.எஃப். அடிப்பலகையை அதே இயந்திரத்தால் மேலோட்டமாகச் சீவிச் சமன்செய்ய வேண்டும்; இவ்வரிசை மாறினால் சமன்செய்த உழைப்பு வீண். நீர் குடித்து உப்பும் தன்மையுள்ள எம்.டி.எஃப்., மழைக்காலம் முடிந்தவுடன் மறுபடி சீவப்பட வேண்டும் என்பது ஆண்டுக்கொருமுறை மறக்கப்படும் செய்தி. மற்றவை எளியவை: நழுவுதண்டவாளங்களில் ஒட்டிய தூளைத் துடைத்துக் கிரீஸ் இடுதல், பற்சட்டத்திலும் பற்சக்கரத்திலும் சிக்கிய சிராயை நீக்குதல், நீர்குளிர்ச்சி உள்ள ஸ்பிண்டிலில் நீர் ஓடுகிறதா என்று பார்த்தல், காலையில் குறைந்த வேகத்தில் சில நிமிடம் வெறுமனே சுழலவிட்டு அதன் தாங்கிகளைச் சூடேற்றுதல். மின்கம்பிகளைக் கழற்றி மாட்டிய நாளில் இன்னொரு சோதனையும் வேண்டும். மும்முனை இணைப்பில் இரண்டு முனைகள் இடம்மாறினால் சுழல்தண்டு எதிர்த்திசையில் சுற்றும், வழக்கமான பிட் அத்திசையில் மரத்தை வெட்டாது, தேய்த்துப் புகைய வைக்கும்.

பிட்டைப் பற்றும் கோலட், கீறல்கள் இட்ட ஒரு சிறு உலோகக் கூம்புக் குழல். நட்டை முறுக்கும்போது அது சுருங்கிப் பிட்டின் தண்டைச் சுற்றிலும் பற்றிக்கொள்கிறது. தேக்கின் எண்ணெயும் பிசினும் தூளும் சேர்ந்து கோலட்டின் கீறல்களில் படிந்துவிட்டால், அப்பற்று ஒரு பக்கமாகி, பிட் மையம் விலகிச் சுழலும். ஈ.ஆர். வகைக் கோலட்டை முதலில் நட்டுக்குள் சொடுக்கென்று பொருத்தி, அதன்பின் நட்டைத் தண்டில் திருகி, கடைசியில் பிட்டைச் செருகி இறுக்க வேண்டும். கோலட்டைச் சுழல்தண்டில் வெறுமனே போட்டு நட்டை மேலே திருகுவது பலர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் கோலட் கோணலாக அமர்கிறது. கோலட்டின் பற்று நீளம் முழுவதிலும் பிட்டின் வழவழத் தண்டே இருக்க வேண்டும், வெட்டுவாய் பற்றுக்குள் நுழையக் கூடாது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு. எனவே கூர் விரைவில் மழுங்குகிறது, மழுங்கிய பிட் மரத்தை வெட்டாமல் தள்ளுகிறது.

புதியவர்களின் அச்சத்திலிருந்து பிறக்கும் தவறு ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வெட்டுவாயும் ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைச் சீவுகிறது என்னும் அளவு சீவல் தடிப்பு எனப்படும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டுவாய், சீவல் தடிப்பு 0.1 மி.மீ. என்று கொண்டால், பிட் நகர வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஆகும். இவ்வேகத்தைக் கண்டு அஞ்சும் இளைஞர், சுழற்சியை அப்படியே விட்டுவிட்டு நகர்வை மட்டும் 900 ஆகக் குறைக்கிறார். சீவல் தடிப்பு 0.025 மி.மீ. ஆகிறது, பிட் மரத்தைச் சீவ இயலாமல் உரசுகிறது, உரசலில் பிறந்த வெப்பம் சீவலோடு வெளியேறாமல் பிட்டிலும் மரத்திலும் தங்குகிறது. கருகிய விளிம்பும் மழுங்கிய பிட்டும், சில வேளை தூசி உறிஞ்சியின் பைக்குள் புகைந்துகொண்டிருக்கும் கங்கும் அதன் விளைவுகள். பாதுகாப்பு என்று கருதிச் செய்த மெதுநடையே தீவிபத்துக்கு வழி வகுக்கிறது. நகர்வைக் குறைக்க விரும்புவோர் சுழற்சியையும் உடன் குறைக்க வேண்டும். அல்லது நகர்வை அப்படியே விட்டு, ஒரு வெட்டின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

துல்லியமும் பாதுகாப்பும் வேறு வேறல்ல என்பது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பலகையை இறுக்குவது. சிறிதே அசையும் பலகை முதலில் அளவைக் கெடுக்கிறது, இன்னும் சிறிது அசைந்தால் பிட்டில் சிக்கிப் பறக்கிறது. பழுது ஒன்றே, அதன் அளவுதான் வேறு. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் உலோகம் வெட்டும் சி.என்.சி. இயந்திரங்களில் பல, மூடிய பெட்டிக்குள் இயங்குபவை. கதவு திறந்திருந்தால் ஓட மறுக்கும் தடையமைப்பும் அவற்றில் இருக்கும். மரம் குடையும் ரவுட்டரின் மேசையோ பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. பறக்கும் பலகைக்கும் அருகில் நிற்பவருக்கும் இடையே ஒன்றுமில்லை. எனவே வளைந்த பலகையை இறுக்கியின் வலுவால் நேராக்க முயலாமல், அடிமுகத்தை முதலில் இழைத்துச் சமன்செய்து, மேசையில் முழுதும் படியவைத்த பின்னரே இறுக்க வேண்டும். வலுவால் நேராக்கிய பலகை, இறுக்கியைத் தளர்த்தியவுடன் பழைய வளைவுக்கே திரும்பிவிடும் என்பதையும் கருத வேண்டும். காற்றுறிஞ்சு மேசையாயின், சிறிய துண்டுகளையும் வெடிப்புள்ள பலகைகளையும் அது போதிய வலுவோடு பற்றாது. வெட்டி எடுக்கும் துண்டு கடைசிச் சுற்றில் விடுபட்டுத் தெறிக்காதிருக்க, அங்கங்கே வெட்டாமல் விடும் சிறு இணைப்புகளை வரைபடத்திலேயே அமைத்துக்கொள்வது நலம். இறுக்கிகள் எங்கே அமரும் என்பதை வரைபவரிடம் சொல்லாமல் இருப்பதும், வரைபவர் அதைக் கேட்காமல் இருப்பதும் சேர்ந்தே பிட்டை இறுக்கியின் மேல் ஏற்றுகின்றன.

இதன்பின் ‘ஹோம்’ போடுதலும் ‘ஜீரோ’ எடுத்தலும். முன்னது, இயந்திரம் தன் எல்லை முனைக்குச் சென்று தன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்வது; பின்னது, பலகையின் தொடக்கப் புள்ளி எதுவென்று மனிதர் அதற்குக் கற்பிப்பது. ஆழத்தின் தொடக்கம் பலகையின் மேல்முகமா, மேசைப் பரப்பா என்பது வரைபவருக்கும் இயக்குபவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இருவரும் வேறுவேறாகக் கொண்டால் பலகையின் முழுத் தடிப்பளவுக்குப் பிழை நேரும். தொடுதகடு கொண்டு ஆழம் எடுப்போர், அதன் கம்பிக் கவ்வியைப் பிட்டில் மாட்ட மறந்தால், மின்சுற்று நிறைவடையாமல் பிட் தகட்டைத் துளைக்கப் பார்க்கும். ஆகவே பிட்டை இறக்குமுன் கையால் தகட்டைத் தூக்கிப் பிட்டில் தொட்டுச் சைகை வருகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். முரட்டு வெட்டுக்குப் பின் பிட்டை மாற்றும்போது ஆழத்தை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். நீள அகலத் தொடக்கத்தைத் தொட்டுவிட்டால் முந்தைய வெட்டோடு பிந்தைய வெட்டு பொருந்தாது. கட்டளைகளில் ஜி20 என்பது அங்குலத்தையும் ஜி21 என்பது மில்லிமீட்டரையும் குறிக்கும்; இவை மாறினால் அளவு 25.4 மடங்கு பெருகும் அல்லது சிறுக்கும். கட்டளைக் கோப்பின் முதற் சில வரிகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் இப்பிழையை அரை நிமிடத்தில் பிடித்துவிடும். முடிவாக, ஆழத் தொடக்கத்தைப் பலகைக்கு ஐம்பது மில்லிமீட்டர் மேலே வைத்து, காற்றிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய வடிவமாயின் மலிவான மரத்தில் ஒரு மூலையை வெட்டிப் பார்ப்பதும் தகும்.

மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வது என்பதும் ஆயத்தத்தில் சேர்ந்ததே. மின்சாரம் நின்று மீளும்போது, ஸ்டெப்பர் மோட்டார் கொண்ட இயந்திரம் தன் இருப்பிடத்தை மறந்திருக்கும். பிட்டோ மரத்துக்குள் புதைந்து நிற்கும். முதலில் பிட்டை நேரே மேலே உயர்த்த வேண்டும், அதன்பின்னரே ஹோம் போட வேண்டும். மாறிச் செய்தால் சுழலாத பிட் மரத்தைக் கிழித்துக்கொண்டு இழுபடும் அல்லது முறியும். அவசர நிறுத்தப் பொத்தானை நாள்தோறும் காலையில் ஒருமுறை அழுத்திப் பார்க்காத பட்டறையில், அது வேலை செய்யும் என்பது நம்பிக்கை மட்டுமே.

ஆட்களைப் பொறுத்தவரை, தோளில் துண்டு, தொளதொளத்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகியவை சுழலும் தண்டின் அருகே ஆகாதவை. கோயிற்கயிற்றைக் கழற்ற மனம் ஒவ்வாதவர்கள் சட்டைக்கையை இறுகப் பொத்தானிட்டு அதனுள் மறைத்துக்கொள்ளலாம். கையுறை பாதுகாப்பு என்று எண்ணப்படுவது இங்கு நேர்மாறானது. அதன் நூல் சிக்கினால் கையையும் உடன் இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பானும் வேண்டும். மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது. உளியில் விழும் சிராய் தரையில் விழுந்து கிடக்கும், ரவுட்டரின் நுண்தூளோ மூச்சோடு உள்ளே போகும். வாயில் துணி கட்டிக்கொள்வது அதற்குப் போதாது.

இவற்றையெல்லாம் அறியாதவர்கள் இத்தொழிலில் குறைவு. அறிந்தும் செய்யாமைக்குக் காரணம் கூலிக் கணக்கில் இருக்கிறது. குடைவேலைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்றோ, இயந்திரம் ஓடும் மணிக்கு இவ்வளவு என்றோ விலை பேசும்போது, பிட் மரத்தைத் தொடும் கணத்திலிருந்துதான் வருமானம் தொடங்குகிறது; அதற்கு முன் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உரிமையாளரின் கண்ணுக்கு நட்டமாகவே தெரிகிறது. அவ்வாறிருக்க, ஆயத்தத்தைத் தவறவிட்ட இளைஞரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. உளிவேலை நடந்த நாளில் மரம் தேர்வதும் வரைவதும் உளி தீட்டுவதும் ஆசாரியின் நாட்கூலிக்குள் அடங்கியிருந்தன. இயந்திரம் வந்தபின் அவை கணக்கிலிருந்தே மறைந்துவிட்டன. மதிப்பீட்டுச் சீட்டில் ஆயத்தத்துக்கென்று தனி வரி ஒன்று எழுதி, ஈரமானி காட்டிய அளவையும், ஆணி தேடப்பட்டதையும், பலகையைப் பார்த்து ஒப்பிய ஆசாரியின் பெயரையும் அதிலேயே குறித்தால், வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது அவருக்கும் விளங்கும். ஒரு பட்டறை மட்டும் இவ்வாறு எழுதினால் விலை கூடியதென்று வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடக் கூடும் என்பதனாலேயே, இம்மடல் ஒருவருக்கு எழுதப்படாமல் அனைவருக்குமாக எழுதப்படுகிறது. பழைய மரத்தைக் கொண்டுவருவோரிடம், ஆணி தேடும் கூலி தனி என்பதையும், தேடியும் அகப்படாத ஆணியால் முறியும் பிட்டின் விலை யாரைச் சேர்ந்தது என்பதையும், பலகை மேசையில் ஏறுமுன்பே பேசி முடித்துச் சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.